ஜிஎஸ்ஐ போட்டபின் சிம் காலில் சத்தம் இல்லை, ஹெட்செட்டும் ப்ளூடூத்தும் ஊமை: எங்கிருந்து ஆரம்பிப்பது?

பழையபேட்டரி கேட்டது:

போன் 2018 மாடல், ஸ்னாப்டிராகன் 845, 3.5 மிமீ ஜாக் உள்ளது. வெண்டார் பார்ட்டிஷன் (போனின் வன்பொருளுக்கான கம்பெனி மென்பொருள் இருக்கும் பகுதி) கம்பெனி கொடுத்த ஆண்ட்ராய்டு 10. அதன் மேல் ஆண்ட்ராய்டு 13 ஜிஎஸ்ஐ (பல போன்களுக்கும் பொதுவாகக் கட்டிய ஆண்ட்ராய்டு), போனுக்கேற்ற மாற்றங்களுக்குச் சுவிட்சுகள் உள்ள டிரெபிள் செட்டிங்ஸ் ஆப்புடன் வரும் வகை. கர்னல் (வன்பொருளை இயக்கும் அடிப்படை மென்பொருள்) மாற்றவில்லை. ரூட் அனுமதி தரும் மேஜிஸ்க் இருக்கிறது. அதில் ஒலியை மெருகேற்றும் வைப்பர்4ஆண்ட்ராய்டு, ஒரு டால்பி மாட்யூல், 'ஆடியோ ட்வீக்' என்று ஒரு மாட்யூல், ஆக மூன்று கூடுதல் இணைப்புகள்.

நிலவரம்:

ஸ்பீக்கரில் பாட்டு, யூடியூப் எல்லாம் சரி. சிம் கால் இணைகிறது, நொடி ஓடுகிறது, ஆனால் அவர்கள் பேசுவது எனக்கும் நான் பேசுவது அவர்களுக்கும் கேட்பதில்லை. வாட்ஸாப் கால் மட்டும் நன்றாக இருக்கிறது.

ஹெட்செட் செருகினால் மேலே ஐகான் வருவதில்லை, ஸ்பீக்கரிலேயே பாடுகிறது.

ப்ளூடூத் இயர்போன் 'கனெக்டட்' என்கிறது. ப்ளே அழுத்தினால் வீடியோ முதல் ஃபிரேமிலேயே நிற்கிறது.

வைப்பரில் டிரைவர் இன்ஸ்டால் ஆகியிருக்கிறது, 'ப்ராசஸிங்' மட்டும் 'நோ'.

ரோமை (போனில் போட்டிருக்கும் ஆண்ட்ராய்டுத் தொகுப்பை) மாற்றிவிடலாமா, இல்லை இதிலேயே சரிசெய்ய வழி உண்டா? பழைய வெண்டாரின் மிக்ஸர் பாத்ஸ் ஃபைலை (எந்த ஒலி எந்த வழியில் போக வேண்டும் என்ற பட்டியல்) கொண்டுவந்து போடச் சொல்லி ஒரு டெலிகிராம் குழுவில் சொன்னார்கள். இன்னும் போடவில்லை.

*

அடுக்குப்பார்வை பதில்:

போடாமல் இருந்தது நல்லது. உங்கள் ஸ்பீக்கரும் வாட்ஸாப் காலும் வேலை செய்கின்றன என்றால் மிக்ஸர் பாத்ஸ் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. வேறு வெண்டார் பதிப்பின் ஃபைலைப் போட்டால் இருக்கிறதும் போய்விடும்.

நீங்கள் எழுதியிருப்பது ஒரே பழுது மாதிரித் தெரிந்தாலும் நான்கும் நான்கு இடத்துச் சங்கதி. பாட்டு போகும் வழி இது: ஆப், அங்கிருந்து ஆடியோஃபிளிங்கர் (ஆப்களின் ஒலியைக் கலந்து அனுப்பும் ஆண்ட்ராய்டுப் பகுதி, ஆடியோசர்வர் என்ற ப்ராசஸுக்குள் ஓடுவது), பிறகு வெண்டார் பக்கத்து ஆடியோ ஹால் (ஆண்ட்ராய்டையும் வன்பொருளையும் இணைப்பது), கர்னலின் ஒலிப் பகுதியான ஆல்சா, ஏடிஎஸ்பி என்ற ஒலிச் செயலி, கோடெக் (எண்களை ஒலி அலையாக மாற்றுவது), கடைசியில் ஆம்ப் (ஒலியைப் பெருக்குவது). ஜிஎஸ்ஐ போடும்போது மாறுவது ஆடியோஃபிளிங்கர் வரைதான். ஹாலிலிருந்து கீழே எல்லாம் பழைய கம்பெனிச் சரக்கு. அதனால் ஜிஎஸ்ஐ போட்ட உடனே வந்த பழுது என்றால், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஒட்டுதலில்தான் முதலில் தேட வேண்டும். கீழே இருக்கும் ஃபைல்களில் அல்ல.

முதல் வேலை மூன்று மாட்யூலையும் அணைத்துவிட்டுப் பார்ப்பது. மேஜிஸ்க் ஆப்பில் ஒவ்வொன்றாக ஆஃப் செய்து ரீபூட். ஆப்பே திறக்காத நிலை வந்தால், ஆன் ஆகும்போது பூட் அனிமேஷன் ஓடும் நேரத்தில் வால்யூம் குறைக்கும் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். சேஃப் மோடில் எல்லா மாட்யூலும் அணைந்து வரும். பூட்டே ஆகாவிட்டால் கம்ப்யூட்டரிலிருந்து போனுக்குக் கமாண்ட் அனுப்பும் ஏடிபி வழியாக 'மேஜிஸ்க் --ரிமூவ்-மாட்யூல்ஸ்' என்ற கமாண்ட் இருக்கிறது, அது எல்லாவற்றையும் அழித்துவிடும்.

அதன்பின் மூன்றே சோதனை.

வீடியோ ஓட்டி, நேரக்கோடு நகர்கிறதா பாருங்கள். நகராமல் நின்றால் ஆடியோ அவுட்புட் திறக்கவே இல்லை அல்லது எழுதப்போன இடத்தில் அடைத்துக்கொண்டது என்று பொருள். வீடியோ பிளேயர்கள் ஒலியின் கடிகாரத்தை வைத்துத்தான் படத்தை ஓட்டுகின்றன, அதனால்தான் சத்தம் அடைத்தால் படமும் நிற்கிறது. உங்கள் ப்ளூடூத் இந்த வகை. நேரம் ஓடுகிறது, ஆனால் சத்தம் இல்லை என்றால் பழுது இன்னும் கீழே: மிக்ஸர், கோடெக், ஆம்ப்.

சிம் காலையும் வாட்ஸாப் காலையும் ஒப்பிடுங்கள். நீங்கள் ஏற்கெனவே செய்துவிட்டீர்கள், விவரம் அடுத்தவர் எழுதுவார் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது, பாட்டு ஓடும்போதே 'ஏடிபி ஷெல் டம்ப்சிஸ் மீடியா.ஆடியோ_ஃபிளிங்கர்'. (கமாண்டுகளை இங்கே ஒலிப்படி எழுதுகிறேன், அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில்.) பக்கம் பக்கமாக வரும். 'அவுட்புட் த்ரெட்' என்று தொடங்கும் பகுதிகளில் 'ஸ்டாண்ட்பை: நோ' என்று இருப்பதைப் பிடியுங்கள், ஓடிக்கொண்டிருப்பது அதுதான். அதில் 'அவுட்புட் டிவைஸ்' எண்ணைப் பாருங்கள். 0x1 இயர்பீஸ், 0x2 ஸ்பீக்கர், 0x4 மைக் உள்ள ஹெட்செட், 0x8 மைக் இல்லாத ஹெட்போன், 0x80 ப்ளூடூத். ஹெட்செட் செருகியும் 0x2 என்றே நின்றால் ஆண்ட்ராய்டுக்குச் செருகியதே தெரியவில்லை. 0x4 என்று மாறியும் சத்தம் வராவிட்டால் அது வேறு பழுது. இந்த ஒரு எண்ணைப் பார்த்தாலே பாதி வீண் வேலை மிச்சம்.

*

வாய்ஸ்மோட் பதில்:

சிம் கால் பகுதியை நான் எழுதுகிறேன்.

குவால்காம் சில்லுகளில் சிம் கால் ஒலி ஆடியோஃபிளிங்கர் வழியாகப் போவதே இல்லை. மோடமும் ஏடிஎஸ்பியும் நேரடியாகப் பேசிக்கொள்ளும். ஆண்ட்ராய்டு செய்வது இவ்வளவுதான்: 'கால் ஆரம்பித்துவிட்டது, இயர்பீஸில் கொடு' என்று ஹாலுக்கு ஒரு உத்தரவு, ஹால் உரிய வழியை மிக்ஸரில் திறந்துவிடும். வாட்ஸாப் கால் அப்படி இல்லை, அது சாதாரண ஆப் போல மைக்கிலிருந்து பதிவு செய்து நெட்டில் அனுப்புகிறது. ஆகவே வாட்ஸாப் சரி, சிம் கால் ஊமை என்றால் மைக், இயர்பீஸ், கோடெக் எல்லாம் உயிரோடு இருக்கின்றன. உத்தரவு போய்ச் சேரவில்லை, அல்லது மோடமுக்கும் ஏடிஎஸ்பிக்கும் நடுவில் ஏதோ பொருந்தவில்லை.

எது என்று அறிய லாக் எடுங்கள். முதலில் 'ஏடிபி லாக்கேட் -பி ஆல் -சி' என்று பழையதைத் துடைத்துவிட்டு, 'ஏடிபி லாக்கேட் -பி ஆல்' என்பதை ஒரு ஃபைலுக்குத் திருப்பிவிட்டு, கால் போட்டு, எடுத்தபின் 10 நொடி பேசிவிட்டு நிறுத்துங்கள். அதில் 'ஆடியோ_ஹெச்டபிள்யூ_ப்ரைமரி' என்ற டேகைத் தேடுங்கள். நன்றாக இருக்கும் போனில் 'வாய்ஸ்எம்மோட்1-கால்' என்ற யூஸ்கேஸும் (பயன்பாட்டு வகை), 'வாய்ஸ்-ஹேண்ட்செட்' என்ற டிவைஸ் பெயரும் வரும். இரண்டாவது சிம் என்றால் 'வாய்ஸ்எம்மோட்2-கால்'.

அந்த வரியே வரவில்லை: உத்தரவு ஹாலுக்குப் போகவில்லை. எந்த ஒலி எங்கே போக வேண்டும் என்று முடிவுசெய்யும் ஆடியோ பாலிசி பக்கத்துத் தகராறு. உங்களுக்கு இதுதான் என்பது என் ஊகம். சில குவால்காம் வெண்டார்களில் ஆடியோ பாலிசி கான்ஃபிகரேஷன் ஃபைல் இரண்டு இருக்கும், ஒன்று வெண்டார்/ஈடிசி ஃபோல்டரில் நேராக, மற்றொன்று அதற்குள் இருக்கும் ஆடியோ என்ற ஃபோல்டரில். ஒன்று கூகுளின் சாதா ஃபிரேம்வொர்க்குக்கு, மற்றது குவால்காம் தன் கைவேலை சேர்த்த ஃபிரேம்வொர்க்குக்கு. ஜிஎஸ்ஐ தனக்குப் பொருந்தாததைப் படித்துவிட்டால் ஸ்பீக்கர் பாடும், கால் ஊமையாகும். டிரெபிள் செட்டிங்ஸில் குவால்காம் பிரிவில் 'யூஸ் ஆல்டர்னேட் ஆடியோ பாலிசி' என்ற சுவிட்ச் எதைப் படிப்பது என்பதைத்தான் மாற்றுகிறது. ஆன் செய்து ரீபூட். ரீபூட் செய்யாமல் கால் போட்டுப் பார்த்துவிட்டு 'வேலை செய்யவில்லை' என்று எழுதுகிறவர்கள் நிறைய. பூட் நேரத்தில்தான் அது ஃபைலை மாட்டுகிறது.

வரி வருகிறது, சத்தம் இல்லை: சில்லுகளுக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரைச் சந்தேகியுங்கள். ஏடிஎஸ்பியின் மென்பொருள் மோடம் ஃபர்ம்வேரோடு வருகிறது. ஒலி அளவுத் திருத்தத் தரவான ஏசிடிபி ஃபைல்களோ வெண்டாரில் இருக்கின்றன. வெண்டாரை ஒரு பதிப்பிலும் ஃபர்ம்வேரை வேறு பதிப்பிலும் வைத்திருந்தால் இரண்டும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளாது. வெண்டார் எந்த ரோமிலிருந்து வந்ததோ அதே ரோமின் ஃபர்ம்வேர் ஜிப்பை ஃபிளாஷ் செய்யுங்கள். பழைய ஃபர்ம்வேருக்குப் போகும் முன் உங்கள் மாடலில் ஆன்டி-ரோல்பேக் (பழைய பதிப்புக்குத் திரும்புவதைத் தடுக்கும் பூட்டு) உண்டா என்று பாருங்கள். இருந்தால் பின்னோக்கிப் போவது போனைச் செங்கல் ஆக்கிவிடும்.

'ஏசிடிபி-லோடர்' டேகில் 'ரிட்டர்ன்ட் = -19' என்று வரிசையாக வந்தால் பயப்பட வேண்டாம். நன்றாகப் பேசும் போனிலும் அவை வருகின்றன. 'ஆடியோ_ரூட்' டேகில் இந்தப் பெயரில் கண்ட்ரோல் இல்லை, விட்டுவிடுகிறேன் என்ற அர்த்தத்தில் வரி வந்தால் அதுதான் கவனிக்க வேண்டியது. மிக்ஸர் பாத்ஸ் கேட்கும் பெயர் கர்னலில் இல்லை என்று பொருள். வேறு போனின் மிக்ஸர் பாத்ஸை ஒட்டியவர்களுக்கு இது நூறு வரி வரும்.

இன்னொரு எளிய சோதனை. 2ஜி உள்ள சிம் இருந்தால் நெட்வொர்க் வகையை 2ஜிக்கு மாற்றிக் கால் போடுங்கள். 2ஜியில் கேட்கிறது, வோல்டியில் (4ஜி வழிக் கால்) இல்லை என்றால் பழுது ஆடியோவில் இல்லை, அந்தக் கால்களைக் கையாளும் ஐஎம்எஸ் பக்கம். ஜியோ சிம்மில் இந்தச் சோதனை முடியாது, அதில் 2ஜியே கிடையாது.

*

ஜாக்_மூன்று_ஐந்து பதில்:

ஹெட்செட்டுக்கு: 'ஏடிபி ஷெல் கெட்ஈவென்ட் -எல்' போட்டுவிட்டுச் செருகி எடுங்கள். 845-இல் 'ஹெட்செட் ஜாக்' என்று முடியும் ஓர் இன்புட் டிவைஸ் இருக்கும். செருகும்போது 'எஸ்டபிள்யூ_ஹெட்போன்_இன்சர்ட்' வரி வர வேண்டும். மைக் உள்ளது என்றால் 'எஸ்டபிள்யூ_மைக்ரோஃபோன்_இன்சர்ட்' கூடவே வரும்.

வரி வருகிறது, ஆண்ட்ராய்டு கண்டுகொள்ளவில்லை என்றால் அது வெறும் கான்ஃபிக். ஜாக் செய்தியை இன்புட் ஈவென்டாகப் படிப்பதா, கர்னலின் யூஈவென்டாகப் படிப்பதா என்று ஃபிரேம்வொர்க்கில் ஒரு தேர்வு உண்டு. கம்பெனி ரோமில் அதைச் சரியாக வைத்திருப்பார்கள், ஜிஎஸ்ஐக்கு உங்கள் போன் எது என்று தெரியாது. டிரெபிள் செட்டிங்ஸின் மிஸ்க் பிரிவில் 'யூஸ் ஆல்டர்னேட்டிவ் வே டு டிடெக்ட் ஹெட்செட்ஸ்' ஆன், ரீபூட். முடிந்தது.

வரியே வரவில்லை என்றால் ரோமைக் குறை சொல்ல வேண்டாம். ஜாக்குக்குள் சட்டைப்பை நூல், தூசி திரண்டிருக்கும். மரப் பல்குச்சியால் எடுங்கள், ஊசி வேண்டாம். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தகடு மடங்கிவிடும்.

செருகினால் இசை கேட்கிறது, பாடுகிறவர் குரல் மட்டும் எங்கோ கிணற்றுக்குள் இருந்து வருகிறது, ஹெட்செட் பட்டனை அழுத்திப் பிடித்தால் சரியாகிறது என்றால் பின் வரிசை மாறிய ஹெட்செட். இப்போதைய போன்கள் சிடிஐஏ முறை: நுனி இடது, அடுத்த வளையம் வலது, அதற்கடுத்தது கிரவுண்ட், அடிப்பகுதி மைக். பழைய ஓஎம்டிபி ஹெட்செட்டில் கடைசி இரண்டும் இடம் மாறியிருக்கும். எந்த மென்பொருளாலும் தீராது, பின் மாற்றும் சின்ன கனெக்டர் வாங்க வேண்டும்.

ப்ளூடூத்: டெவலப்பர் ஆப்ஷன்ஸில் 'டிஸேபிள் ப்ளூடூத் ஏ2டிபி ஹார்ட்வேர் ஆஃப்லோட்' ஆன் செய்யுங்கள். போனே ரீபூட் கேட்கும். ஆஃப்லோட் இருக்கும்போது எஸ்பிசி, ஏஏசி போன்ற கோடெக்கில் (இங்கே ஒலியைச் சுருக்கும் முறை) சுருக்கும் வேலையை ஏடிஎஸ்பி செய்கிறது. அதற்குக் குவால்காம் தனியாக வைத்திருக்கும் இணைப்பு ஜிஎஸ்ஐயில் இல்லை. அதனால் கனெக்ட் ஆகும், அவுட்புட் திறக்காது, உங்கள் வீடியோ மாதிரி உறைந்து நிற்கும். ஆஃப்லோடை அணைத்தால் அந்த வேலையைப் பிரதான சில்லு செய்யும். பேட்டரி கொஞ்சம் கூடுதலாகப் போகும், அவ்வளவுதான். அதிலும் வராவிட்டால் டிரெபிள் செட்டிங்ஸில் 'யூஸ் சிஸ்டம் வைட் பிடி ஹால்' ஆன், மறுபடி ரீபூட். ஒவ்வொன்றாகச் செய்யுங்கள், இரண்டையும் சேர்த்து ஆன் செய்தால் எது தீர்த்தது என்று தெரியாது.

எல்டாக் என்ற ப்ளூடூத் கோடெக்கைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆஃப்லோட் அணைத்தபின் 990 கேபிபிஎஸ்ஸில் விட்டு விட்டுக் கேட்டால் 660-க்கு இறக்குங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை ஓடும் வீட்டில் 990 தாங்குவது கஷ்டம்.

ப்ளூடூத்தில் பாட்டு வந்தும் சிம் கால் வராமல் போகலாம். கால் ஒலி எஸ்சிஓ என்ற வேறு தடத்தில், ப்ளூடூத் சில்லுக்கும் ஏடிஎஸ்பிக்கும் நடுவே நேராகப் போகிறது. மேலே சொன்ன இரண்டு சுவிட்சும் அதைத் தொடாது.

*

எல்லாமேஓப்பன் பதில்:

இவ்வளவு எதற்கு ப்ரோ. 'செட்என்ஃபோர்ஸ் 0' போட்டு எஸ்இலினக்ஸை (யார் எதைத் தொடலாம் என்ற பாதுகாப்புக் காவல்) பெர்மிஸிவ் (தடுக்காத நிலை) ஆக்குங்க, வைப்பர் உட்பட எல்லாம் ஓடும்.

*

அடுக்குப்பார்வை பதில்:

சோதனைக்கு ஐந்து நிமிடம் போடலாம், தப்பில்லை. பெர்மிஸிவில் சரியாகி, என்ஃபோர்ஸிங்கில் திரும்ப வருகிறது என்றால் அனுமதிச் சிக்கல் என்று உறுதியாகும். அத்தோடு 'செட்என்ஃபோர்ஸ் 1' போட்டுத் திருப்பிவிட்டு, லாகில் 'ஏவிசி: டினைட்' வரியில் எந்த ஃபைலைத் தடுத்தது என்று படித்துச் சரிசெய்ய வேண்டும். அப்படியே விட்டால் போனில் ஆப்களுக்கு நடுவே இருக்கும் சுவரை இடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம். வங்கி ஆப்களும் முரண்டு பிடிக்கும்.

மாட்யூல் வழியாக வெண்டாரில் போடும் கான்ஃபிக் ஃபைல்களில் இந்தத் தடை வருவதற்கு வழக்கமான காரணம் லேபிள். வெண்டார்/ஈடிசியில் உட்காரும் ஃபைலுக்கு 'வெண்டார்_கான்ஃபிக்ஸ்_ஃபைல்' என்ற லேபிளும் 0644 அனுமதியும் வேண்டும். டவுன்லோட்ஸிலிருந்து ஃபைல் மேனேஜரில் இழுத்துப் போட்டால் பழைய லேபிளோடு வந்துவிடும், ஹால் அதைத் திறக்க முடியாமல் திரும்பிவிடும். பக்கத்திலிருக்கும் அசல் ஃபைலை 'எல்எஸ் -இசட்' போட்டுப் பார்த்து அதேபோல் ஆக்குங்கள்.

*

பழையபேட்டரி பதில்:

எல்லாருக்கும் நன்றி. வரிசைப்படி செய்தேன்.

மாட்யூல் மூன்றும் எடுத்தாகிவிட்டது. அதனால் மட்டும் எதுவும் மாறவில்லை.

லாகில் வாய்ஸ்எம்மோட் வரியே இல்லை. ஆல்டர்னேட் ஆடியோ பாலிசி ஆன், ரீபூட். சிம் கால் இருபக்கமும் கேட்கிறது. லாகிலும் வாய்ஸ்எம்மோட்1-கால் வந்துவிட்டது.

கெட்ஈவென்டில் இரண்டு வரியும் வந்தன. மாற்று முறை சுவிட்ச் போட்டதும் ஹெட்செட் சரி.

ப்ளூடூத் ஆஃப்லோடை மட்டும் அணைத்தபோது சரியாகவில்லை. சிஸ்டம் வைட் பிடி ஹாலையும் போட்டபின் பாடுகிறது.

புதிதாக ஒன்று கவனித்தேன். சிம் காலில் லவுட்ஸ்பீக்கர் போட்டால் நான் பேசுவது எதிரில் இருப்பவருக்கு மிகவும் மெல்லக் கேட்கிறதாம். காதில் வைத்துப் பேசினால் சரி. ரெக்கார்டர் ஆப்பில் பதிவு தெளிவாக இருக்கிறது. மைக் போய்விட்டதா?

வைப்பரும் இன்னும் பாக்கி.

*

வாய்ஸ்மோட் பதில்:

ரெக்கார்டரில் தெளிவு என்றால் அந்த மைக் போகவில்லை. காதில் வைக்கும்போதும் லவுட்ஸ்பீக்கரிலும் ஹால் வேறு வேறு மைக் கூட்டணியைத் தேர்ந்தெடுக்கும். ஃப்ளூயன்ஸ் என்பது குவால்காமின் இரட்டை மைக் இரைச்சல் நீக்கி. அது எந்த நிலையில் இயங்க வேண்டும் என்பதை ப்ராப்பர்ட்டிகள் (ஆண்ட்ராய்டு சேமித்து வைக்கும் அமைப்பு மதிப்புகள்) தீர்மானிக்கின்றன. பார்க்க வேண்டியது 'பெர்சிஸ்ட்.வெண்டார்.ஆடியோ.ஃப்ளூயன்ஸ்' என்று தொடங்கும் மூன்று: வாய்ஸ்கால், வாய்ஸ்ரெக், ஸ்பீக்கர்.

'ஏடிபி ஷெல் கெட்ப்ராப்' போட்டு, அதில் ஃப்ளூயன்ஸ் என்று தேடுங்கள். பிறகு வெண்டார் பார்ட்டிஷனின் பில்ட்.ப்ராப் ஃபைலில் அதே பெயர்களுக்கு என்ன மதிப்பு இருக்கிறது என்று பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

வேறாக இருந்தால் அந்த 'ட்வீக்' மாட்யூலின் மிச்சம். மாட்யூலை நீக்கினால் அது மேலே போர்த்திய ஃபைல்கள் போய்விடும். ஆனால் அதன் சர்வீஸ் ஸ்கிரிப்ட் 'செட்ப்ராப்' கமாண்டால் 'பெர்சிஸ்ட்' என்று தொடங்கும் எதையாவது மாற்றியிருந்தால், அது டேட்டா பார்ட்டிஷனில் எழுதப்பட்டு அங்கேயே இருக்கும். மாட்யூல் போனாலும் போகாது, ரீபூட்டிலும் போகாது. நீக்க ரூட் ஷெல்லில் 'ரீசெட்ப்ராப் -பி --டெலிட்', அடுத்து அந்த ப்ராப்பர்ட்டியின் முழுப் பெயர். பிறகு ரீபூட், ஹால் இந்த மதிப்புகளைத் தொடங்கும்போது ஒரே தடவைதான் படிக்கிறது.

நீக்குவதற்குப் பதில் ட்ரூ, ஃபால்ஸ் என்று மாற்றி மாற்றி விளையாட வேண்டாம். கம்பெனி எந்த வழிக்கு ஏசிடிபியில் அளவு வைத்திருக்கிறதோ அதில்தான் சத்தம் சரியாக வரும். ஒற்றை மைக் வழி பெயருக்கு இருக்கும், அளவு வைத்திருக்க மாட்டார்கள், அதனால்தான் மெல்லக் கேட்கிறது.

*

விளைவுநூலகம் பதில்:

வைப்பருக்கு வருகிறேன். 'ப்ராசஸிங் நோ' என்பதற்கு மூன்று காரணம் சொல்லலாம்.

ஒன்று, வைப்பரின் லைப்ரரி (ஒலியை மாற்றும் நிரல்) ஏறவே இல்லை. ஆண்ட்ராய்டு 8 முதல் எஃபெக்ட் லைப்ரரிகளை ஏற்றுவது வெண்டார் பக்கத்து ஆடியோ சர்வீஸ். அது 32 பிட் ப்ராசஸ் என்றால் வெண்டார்/லிப்/சவுண்ட்எஃப்எக்ஸ் ஃபோல்டரிலும், 64 பிட் என்றால் லிப்64 பக்கத்திலும் லைப்ரரி இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 10 வெண்டாரில் பொதுவாக 32 பிட். புதிய வைப்பர் மாட்யூல் 64 பிட் மட்டும் கொண்டுவந்தால் உங்கள் வெண்டாரில் அது வெறும் அலங்காரம். சந்தேகம் தீர, ஆடியோ சர்வீஸின் ப்ராசஸ் எண்ணைக் கண்டுபிடித்து, ப்ராக் ஃபோல்டரில் அந்த எண்ணுக்குள் இருக்கும் 'மேப்ஸ்' ஃபைலில் சவுண்ட்எஃப்எக்ஸ் என்று தேடுங்கள். எந்த ஃபோல்டர், எந்த லைப்ரரி என்று அப்படியே தெரியும். வைப்பரின் பெயர் இல்லாவிட்டால் ஏறவில்லை. டிரெபிள் செட்டிங்ஸில் 'டிஸேபிள் ஆடியோ எஃபெக்ட்ஸ்' ஆன் ஆகியிருந்தாலும் இதே விளைவு, அதையும் ஒரு பார்வை பாருங்கள்.

இரண்டு, இரண்டு மாட்யூல் ஒரே ஃபைலுக்குச் சண்டை. வைப்பர், டால்பி இரண்டும் ஆடியோ எஃபெக்ட்ஸ் எக்ஸ்எம்எல்லைத் தங்கள் பிரதியால் போர்த்துகின்றன. கடைசியில் போர்த்தியது ஜெயிக்கும், மற்றதன் வரி காணாமல் போகும். இரண்டும் வேண்டுமென்றால் ஆடியோ மாடிஃபிகேஷன் லைப்ரரி என்ற மாட்யூலைச் சேர்த்துப் போடுங்கள். எல்லா மாட்யூலின் மாற்றங்களையும் ஒரே ஃபைலில் கோத்துத் தருவது அதன் வேலை. என்னைக் கேட்டால் ஒன்று போதும். இரண்டு ஈக்வலைசர் ஒன்றன் மேல் ஒன்றாக ஓடினால் பேஸ் கூடுவதை விடக் கிழிவதுதான் அதிகம்.

மூன்று, எஃபெக்ட் ஒரு த்ரெடில் (ஒலி ஓடும் தனி வரிசை), பாட்டு வேறொரு த்ரெடில். ப்ரைமரி, டீப் பஃபர், கம்ப்ரெஸ் ஆஃப்லோட் என்று வெவ்வேறு அவுட்புட்கள் உண்டு. பாட்டு ஓடும்போது ஆடியோ ஃபிளிங்கர் டம்ப்பில் 'எஃபெக்ட் செயின்ஸ்' பகுதி எந்த த்ரெடின் கீழ் வருகிறது, எந்த த்ரெட் ஸ்டாண்ட்பையில் இல்லை என்று ஒப்பிடுங்கள். எம்பி3 மட்டும் தப்பித்துப்போனால் ஆஃப்லோட், 'ஆடியோ.ஆஃப்லோட்.டிஸேபிள்' மதிப்பு 1 என்று வையுங்கள். டீப் பஃபரில் தப்பினால் பாலிசி ஃபைலில் டீப் பஃபர் மிக்ஸ்போர்ட்டையும் (அந்த அவுட்புட்டை அறிவிக்கும் வரிகள்) அதைக் குறிப்பிடும் ரூட் வரிகளையும் எடுக்க வேண்டும். மிக்ஸ்போர்ட்டை எடுத்துவிட்டு ரூட்டில் பெயரை விட்டுவைத்தால், அல்லது ஒரு கோண அடைப்பு விடுபட்டால், ஃபைலே படிக்கப்படாது. அப்போது வைப்பர் மட்டுமல்ல, போன் முழுவதும் ஊமை. வால்யூம் பட்டனைத் தொட்டால்கூட உறையும். திருத்துவதைக் கம்ப்யூட்டரில் திருத்தி, எக்ஸ்எம்எல் சரிபார்ப்பில் ஓட்டிவிட்டுப் போடுங்கள்.

ஆண்ட்ராய்டு 14, அதற்கு மேல் வெண்டார் உள்ளவர்களுக்கு: ஆண்ட்ராய்டும் ஹாலும் பேசிக்கொள்ளும் புதிய ஏஐடிஎல் முறையில் எஃபெக்ட் இணைப்பு மாறிவிட்டது. அந்த முறைக்கு மாறிய போனில் பழைய வைப்பர் லைப்ரரி எந்த ஃபோல்டரில் வைத்தாலும் ஏறாது. அதற்கென்று கட்டிய பதிப்பு வேண்டும்.

*

கஸ்டம்கர்னல்22 கேட்டது:

இதே இழையில் கேட்கிறேன், மன்னிக்கவும். கஸ்டம் கர்னல் போட்டபின் எதிலும் சத்தமே இல்லை, எல்லா வீடியோவும் நிற்கிறது. ரோம் கம்பெனியுடையதுதான். இன்னொன்று, ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்ட மிக்ஸர் பாத்ஸில் வால்யூம் மதிப்பான 84 என்பதை எவ்வளவு வரை ஏற்றலாம்?

*

அடுக்குப்பார்வை பதில்:

'கேட்', அடுத்து ப்ராக் ஃபோல்டரில் ஏசவுண்ட், அதற்குள் கார்ட்ஸ் ஃபைல். 'நோ சவுண்ட்கார்ட்ஸ்' என்று வந்தால் கர்னல் மட்டத்திலேயே கார்டு பதிவாகவில்லை. பல குவால்காம் போன்களில் ஆடியோ டிரைவர்கள் கர்னலுக்குள் இல்லை. வெண்டாரின் மாட்யூல்ஸ் ஃபோல்டரில் 'ஆடியோ_' என்று தொடங்கி '.கேஓ' என்று முடியும் தனி ஃபைல்கள். கர்னலின் பதிப்புச் சரம் மாறினால் அவை ஏற மறுக்கும். கர்னலின் லாகான டிமெசெஜில் 'வெர்ஷன் மேஜிக்' என்று தேடினால் எதை எதிர்பார்த்து எது வந்தது என்று சொல்லும். ஆடியோ டிரைவரை உள்ளேயே சேர்த்துக் கட்டிய கர்னல் பதிப்பு, அல்லது அந்தக் கர்னலோடு வரும் .கேஓ ஃபைல்கள் வேண்டும். ரோமை மாற்றிப் பயனில்லை. கர்னல் சரியாக இருந்தும் கார்டு இல்லை என்றால் ஏடிஎஸ்பி எழுந்திருக்கவில்லை, ஃபர்ம்வேரைப் பாருங்கள்.

84-ஐப் பற்றி: இந்தக் கோடெக்குகளில் டிஜிட்டல் வால்யூம் 0 முதல் 124 வரை, 84 என்பது 0 டிபி, ஒரு படிக்கு 1 டிபி. 0 டிபிக்கு மேல் ஏற்றும் ஒவ்வொன்றும் ஏற்கெனவே முழு அளவில் இருக்கும் பாட்டைக் கிழிக்கும். ஹெட்போனுக்கு 86, 87 வரை வைத்துப் பார்க்கலாம். ஸ்பீக்கருக்கு வேண்டாம். உங்கள் போனில் ஸ்மார்ட் ஆம்ப் இருந்தால் அது காயிலின் மின்தடையை அளந்து சூட்டைக் கட்டுப்படுத்துகிறது, நீங்கள் ஏற்றுவதை அது இறக்கிவிடும். சாதா ஆம்ப் என்றால் இறக்க ஆள் இல்லை, காயில் கருகும். சத்தம் திடீரென்று குறைந்திருந்தால் முதலில் ஸ்பீக்கர் வலையைப் பழைய பல்துலக்கியால் உலர்வாகத் தேயுங்கள். பெர்சிஸ்ட் பார்ட்டிஷனை (போனுக்கே உரிய அளவுகள் இருக்கும் பகுதி, மேலே சொன்ன 'பெர்சிஸ்ட்' மதிப்புகள் அல்ல) அழித்தபின் குறைந்தது என்றால் அந்த ஆம்ப்பின் அளவுகள் சில போன்களில் அதில்தான் இருந்தன. ஃபிளாஷ் வேலை தொடங்கும் முன்பே பெர்சிஸ்ட்டை 'டிடி' போட்டு ஒரு பிரதி எடுத்து, போனுக்கு வெளியே வைக்க வேண்டும். அது உங்கள் போனுக்கு மட்டுமே உரியது, இன்னொருவருடையதை வாங்கிப் போட முடியாது.

*

பழையபேட்டரி பதில்:

லவுட்ஸ்பீக்கர் விஷயம் தீர்ந்தது. கெட்ப்ராப்பில் ஃப்ளூயன்ஸ் ஸ்பீக்கர் 'ஃபால்ஸ்', வெண்டார் பில்ட்.ப்ராப்பில் 'ட்ரூ'. டெலிட் செய்து ரீபூட் ஆனதும் 'ட்ரூ' என்று வந்தது, எதிரில் தெளிவாகக் கேட்கிறது. அதே மாட்யூல் விட்டுவைத்த வேறு நான்கு 'பெர்சிஸ்ட்' மதிப்புகளையும் ஒப்பிட்டு நீக்கிவிட்டேன்.

வைப்பர்: மேப்ஸில் பெயரே இல்லை. மாட்யூலுக்குள் பார்த்தால் லிப்64 மட்டும். 32 பிட் லைப்ரரி உள்ள பதிப்பைப் போட்டதும் 'ப்ராசஸிங் யெஸ்'. டால்பியைத் திரும்பப் போடவில்லை.

*

ஜாக்_மூன்று_ஐந்து பதில்:

நல்லது. ஆன் செய்த டிரெபிள் சுவிட்சுகளின் பெயர்களை எங்காவது எழுதி வையுங்கள். அவையும் டேட்டாவில் சேமிக்கப்படும் 'பெர்சிஸ்ட்' மதிப்புகள்தான். டேட்டாவைத் துடைக்காமல் அடுத்த ஜிஎஸ்ஐ போட்டால் அப்படியே இருக்கும். துடைத்துவிட்டுப் போட்டால் முதல் காலே ஊமையாக வரும்.

*